பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி

மாட்டுக்கு நான் கொடுத்த பொடி மருந்தா வெறும் தவிடா என்று கொடுத்த எனக்கே தெரியாது. இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. என் அம்மாவே நம்பவில்லை. "அத்தன வருசம் படிச்சுப்போட்டு, குடுக்கறது மருந்தான்னே தெரியாதுங்கறயே கண்ணு. வெளிய சொல்லிக்காத" என்றாள் போனில். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டி எங்கள் ஊர். தென்னையும் நெல்லும் நாலு மாடுமாக இருக்கிற வீடு. அங்கே வளர்ந்த நான் வேலைக்கு வந்து சேர்ந்தது இடுக்கியின் இந்தக் கோடியில், போடிமெட்டுப் பக்கம் ஒரு மிருகாஸ்பத்திரிக்கு. டாக்டர் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. எனக்கும் அப்படி இருக்கத்தான் ஆசை.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு ஃப்ரிட்ஜ், மாட்டைக் கட்டி நிறுத்த ஓர் இரும்புக் கூண்டு, நான், ஒரு லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் மலையாளி, என்னைவிட மூத்தவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரைச் சேட்டா என்பேன். காலையில் நாய்களுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வரும். கிளம்பினால் பாதி வழியில் யானை நிற்கிறது என்று ஜீப்பை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து மேலாபீசிலிருந்து போன், போன மாத அறிக்கை எங்கே என்று. உயிரோடு இருக்கிற மாட்டுக்கு மருந்து எழுத இரண்டு நிமிடம் போதும். செத்த மாட்டுக்குச் சான்றிதழ் எழுதத்தான் அரை நாள் பிடிக்கும். என் கோபம் இந்த ஊரில் பிரசித்தம். அது எனக்குப் பிறவியிலேயே உண்டு என்று சேட்டன் நினைக்கிறார். பாதிதான் பிறவி, மீதி இங்கே வந்து சேர்ந்தது.

அந்த மழைக்காலத்தில் தோல்கட்டி நோய் வந்தது. மாட்டின் உடம்பெங்கும் நெல்லிக்காய் அளவில் கட்டி கட்டியாய்க் கிளம்பும். காய்ச்சல் அடிக்கும், கால் வீங்கும், கட்டி உடைந்து புண்ணாகும், மாடு தீனி எடுக்காது. லயங்களில் அதை அம்மை என்றே சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்குத்தான் லயம் என்று பெயர். ஒவ்வொரு லயத்துக்கும் பின்னால் தகரமும் பலகையும் வைத்து அடித்த மாட்டுக் கொட்டகைகள் இருக்கும். அவற்றின் வாசல்களில் வேப்பிலை தொங்க ஆரம்பித்தது. மலை மேலே வேப்பமரம் ஏது, போடி பஸ்ஸில் சொல்லியனுப்பி வரவழைத்தார்கள். அந்த நோய்க் கிருமியைக் கொல்ல என்னிடமும் மருந்து கிடையாது. காய்ச்சலுக்கு ஊசி, புண்ணில் சீழ் வைக்காமல் இருக்க இன்னோர் ஊசி, ஈ உட்காராமல் ஒரு களிம்பு. அதற்கு மேல் மாடு தானாகப் பிழைத்தால் உண்டு. இதையும் நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அப்போதுதான் நான் படித்த கல்லூரியிலிருந்து என் பேராசிரியர் கூப்பிட்டார். ஒரு மூலிகைப் பொடி இருக்கிறது, வழக்கமான சிகிச்சையோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் மாடு சீக்கிரம் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும், களத்தில் நீ பார்த்துக்கொள்வாயா என்றார். நான் துள்ளிக் குதித்து ஒத்துக்கொண்டேன். சான்றிதழும் அறிக்கையும் எழுதியே கை தேய்ந்துபோனவளுக்கு ஆய்வு என்ற சொல்லே இனித்தது. எனக்கும் இந்த மலைக்கும் சேர்த்து ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நம்பினேன்.

முறை இதுதான். எல்லா மாட்டுக்கும் வழக்கமான ஊசி, களிம்பு உண்டு. அதோடு ஒவ்வொரு மாட்டுக்கும் நாளுக்கு இரண்டு வீதம் இரண்டு வாரத்துக்கான பொட்டலங்கள். சில பொட்டலங்களில் மூலிகைப் பொடி, சிலவற்றில் அதே நிறமும் அதே வாசனையும் ஏற்றிய தவிடு. ஒரு வகையில் பச்சைப் புள்ளி, ஒரு வகையில் சிவப்புப் புள்ளி. எந்தப் புள்ளி மருந்து என்று எழுதிய காகிதம் ஒட்டிய உறைக்குள், பேராசிரியரின் அலமாரியில். எனக்குத் தெரிந்தால் மருந்து தின்கிற மாட்டை நான் கொஞ்சம் ஆசையோடு பார்ப்பேன், இல்லாத முன்னேற்றம் கண்ணுக்குப் படும். அதனால் தெரியக் கூடாது. எந்த மாட்டுக்கு எந்தப் புள்ளி என்பதையும் நான் தேர்ந்தெடுக்கக் கூடாது. குலுக்கல்தான். இதில் ஒன்றும் தப்பில்லை. இன்றைக்கும் எவராவது கேட்டால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்வேன்.

சூரியநெல்லிக்கு மேலே ஒரு லயத்தில் நோய் கண்ட மாடுகள் நிறைய. வேலை முடிந்து கொழுந்து நிறுத்துப் போட்ட பிறகு பெண்களை காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் கொட்டகையில் உட்கார வைத்துப் பேசினேன். சம்மதப் படிவம் மலையாளத்தில் இருந்தது. அங்கே மலையாளம் பேசாதவர் இல்லை, படிக்கத் தெரிந்தவர் இரண்டு மூன்று பேர்தான். நானே வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"ரெண்டு மாதிரி பொடி இருக்குதுங்க. ஒண்ணுல மருந்து, இன்னொண்ணுல வெறும் தவிடு. எது எதுன்னு எனக்கும் தெரியாதுங்க. அதனால குலுக்கிப் போட்டு எடுக்கப் போறோம். விருப்பம் இருந்தா கையெழுத்துப் போடுங்க, இல்லாட்டிப் பரவாயில்லைங்க. ஊசி எப்படியும் நான் போடுவேன்."

என் 'ங்க'வைக் கேட்டு அவர்களுக்கு எப்போதும் சிரிப்பு. அன்றைக்கும் சிரித்தார்கள். யாரும் மறுக்கவில்லை. ஆய்வில் சேர்ந்தால் டாக்டரம்மா ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து மாட்டைப் பார்ப்பாள், அது போதாதா? குலுக்கல் என்றால் என்ன, ஏன் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"குலுக்குறதெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரணுமா டாக்டரம்மா? நாங்க எப்பவும் குலுக்குறவுகதான். சீட்டுப் போட்ட தூக்குப்போணிய இங்கன குடுங்க."

கல்லூரியில் இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு வகுப்பு பிடித்தது, இவர்கள் ஒரே பேச்சில் பிடித்துக்கொண்டார்களே என்று பெருமைப்பட்டேன். என் முட்டாள்தனத்தின் அளவு எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்து எடுப்பவர், கணவர் இல்லை, மகள் கட்டிக்கொடுத்துத் திருப்பூரில். அடுத்த வருடம் அவருக்கு ரிட்டயர்மென்ட். வேலை முடிந்தால் லயத்து வீட்டைத் தோட்டத்துக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போடிக்குக் கீழே தம்பி வீட்டுத் தோட்டத்து ஓரமாய் ஒரு கொட்டகை போட்டுக்கொள்ள இடம் கேட்டு வைத்திருந்தார். அங்கே போய் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே பதில் அந்தச் சினை மாடு. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை, ஆறு மாதச் சினை. "நான் கீழ எறங்குறப்ப இவளும் கன்னோட எறங்கிருவா. தம்பி பொஞ்சாதி கையில சோத்துக்கு நிக்க வேண்டாம்ல" என்றார், மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே. அதன் தோளில் அப்போது ஏழெட்டுக் கட்டிகள் எழும்பியிருந்தன.

குலுக்கலில் அவர் எடுத்தது பச்சைப் புள்ளி. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிவப்பு. பொட்டலங்களை வாங்கிக்கொண்டு என்னை ஓரமாய்க் கூப்பிட்டார்.

"இது மருந்துதான?"

"தெரியாதுங்க அக்கா."

"எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா எனக்கே தெரியாதுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், சரி, இந்தப் பிள்ளைக்கு மேலிடத்து உத்தரவு, பாவம் என்கிற இரக்கம்தான் இருந்தது.

முதல் வாரம் நன்றாகவே போனது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஏறிப் போய்க் காய்ச்சல் பார்த்தேன், கட்டிகளை எண்ணினேன், எவ்வளவு தின்றது என்று கேட்டு எழுதினேன். இரண்டு வாரப் பொட்டலத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம் என்று சேட்டன் சொன்னார்தான். மழையில் ஒரு நாள் வழி அடைபட்டால் மருந்து விட்டுப்போகுமே என்று நான்தான் கேட்கவில்லை. அக்காவின் மாட்டுக்கு வார முடிவில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. புல்லை வாயில் வைத்து மென்றது. அக்கா எனக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மாடுதான் மோசமாகக் கிடந்தது.

இரண்டாம் வாரத்தின் தொடக்கத்திலேயே எனக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன. ஒரு மீட்டிங், இரண்டு பிரசவம், பன்றிகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு புகார். மூன்று நாள் லயத்துக்குப் போக முடியவில்லை. சேட்டன் போய் ஊசி மட்டும் போட்டு வந்தார். அக்காவின் மாட்டுக்கு மறுபடி காய்ச்சல் ஏறுகிறது என்று அவர்தான் சொன்னார். நான்காம் நாள் ஓடினேன். முன்னங்கால்கள் இரண்டும் வீங்கி, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தோல் பை போலத் தொங்கியது. மூச்சு இரைத்தது. ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் காலிப் பொட்டலங்கள் கிடந்ததைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி. ஒன்றிரண்டு இல்லை, ஏழெட்டு.

"அக்கா, இது எப்படி இங்க வந்துது?"

"மாத்திக்கிட்டோம்" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "திங்கக்கெழம எல்லாரும் மாத்திக்கிட்டோம். நான்தான் நின்னு மாத்திக் குடுத்தேன். ஒரு பொட்டலம் வீணாப் போகல டாக்டரம்மா."

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த ஊர்க் குலுக்கல் என்னவென்று தெரிந்தது. தோட்டத்தில் ஓடை ஓரங்களில் மட்டும்தான் புல் அறுக்க விடுவார்கள். ஓர் ஓடையில் புல் இடுப்பளவு நிற்கும். இன்னொன்றில் கல்லும் அட்டையும்தான். அதனால் யாருக்கு எந்த ஓடை என்று குலுக்கிப் போட்டு எடுப்பார்கள், அடுத்த திங்கட்கிழமை இடம் மாற்றிக்கொள்வார்கள். மோசமான ஓடை யார் தலையிலும் ஒரு வாரத்துக்கு மேல் விழக் கூடாது. குலுக்கல் என்பது யார் முதலில், யார் அடுத்தது என்பதற்குத்தான். கடைசி வரைக்கும் ஒருத்திக்கு நல்லது, ஒருத்திக்குக் கெட்டது என்று தீர்த்துவிடுவதற்காகக் குலுக்குவார்கள் என்பது அவர்கள் யோசித்தே பார்க்காத அநியாயம். நான் மஸ்டர் கொட்டகையில் பேசியதை அவர்கள் கவனமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் உனக்கு மருந்து, எனக்குத் தவிடு. மறு வாரம் எனக்கு மருந்து, உனக்குத் தவிடு. புல்முறையை நடத்துகிறவர் அக்காதான் என்பதால் இந்த முறையையும் அவரே முன்னால் நின்று நடத்தியிருக்கிறார். இரண்டாவது வாரம் நான் போகாததால், மாற்றச் சொல்லி நினைவுபடுத்தக்கூட ஆள் இல்லையே என்று தாங்களாகவே செய்திருக்கிறார்கள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. அத்தனை பேர் உழைப்பும் பாழ், உங்களை யார் மாற்றச் சொன்னது, ஒரு வார்த்தை என்னைக் கேட்டால் என்ன என்றெல்லாம் சொன்னேன். கொட்டகைக்கு வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு அவ மாடு அங்கிட்டுச் சாகக் கெடந்துச்சு. என் மாடு தின்னுச்சு. எங்கிட்ட இருக்குறது மருந்தா இருந்தா, நான் மட்டும் வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்கவா? நீங்க அப்படித்தான் சொல்லிக் குடுத்தீகளா?"

ஆமாம், அப்படித்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஜீப்பில் உட்கார்ந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் பதறவில்லை. அந்த லயத்து மாடுகளை ஆய்விலிருந்து எடுத்துவிடு, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு என்றார். சரி, இந்த ஒரு மாட்டுக்காகவாவது உறையைப் பிரித்து எது மருந்து என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தெரிஞ்சு என்ன பண்ணப் போற? அந்தப் பொடி வேலை செய்யுதான்னே நமக்குத் தெரியாது. அதக் கண்டுபிடிக்கத்தான இவ்வளவும். ஒரு மாட்டுக்காகப் பிரிச்சா மத்த ஊர் மாடுகளும் வீணாப் போகும்." அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பாகப் பேசுகிறவரிடம் சண்டை போடலாம், சரியாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது?

அக்கா ஜீப் வரைக்கும் வந்து நின்றார். "பச்சையவே திருப்பிக் குடுத்துருவா டாக்டரம்மா? பக்கத்து வீட்டுல இன்னும் ஆறு மிச்சம் இருக்கு. கேட்டா குடுத்துருவா."

"குடுங்க" என்றேன். அந்த மாடு இனிமேல் ஆய்வில் இல்லை, எதைக் கொடுத்தாலும் கெடப்போவது ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மாடு அன்றைக்குத்தான் எழுந்து நின்றிருந்தது. அக்கா அந்தக் கொட்டகை வாசல் வரை போய், மாடு நிற்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பி வந்தார். நான் ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேளுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை, கேட்காதீர்கள் என்று சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் மாடு படுத்துவிட்டது. வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துக் கயிறு கட்டி, பெண்களும் ஆண்களுமாய்த் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். கால் ஊன்றவில்லை. குளுக்கோஸ் ஏற்றினேன், கால்சியம் ஏற்றினேன், மூச்சுக்கு ஊசி போட்டேன். புத்தகத்தில் இருந்ததெல்லாம் செய்தேன், புத்தகத்தில் இல்லாததும் ஒன்றிரண்டு செய்தேன். வயிற்றில் கன்று அசைவது ஒரு நாள் தெரிந்தது. அடுத்த நாள் தெரியவில்லை. "டாக்டரம்மா, கன்னாவது?" என்று அக்கா கேட்டார். ஆறு மாதக் கன்று வெளியே வந்து பிழைக்காது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மாடு செத்தது ஒரு வியாழக்கிழமை, நல்ல வெயில் நேரத்தில். நான் அப்போது வேறொரு தோட்டத்தில், மின்கம்பி அறுந்து விழுந்து செத்த மாட்டுக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டியாகிவிட்டது. சுண்ணாம்பு மூட்டையோடு நின்றார்கள். அக்கா என் கையைப் பிடித்து ஒரு முறை கண்ணில் ஒற்றிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழை ஓய்ந்து, குளிரும் வந்து போன பிறகு கல்லூரியில் உறையைப் பிரித்தார்கள். பேராசிரியர் போனில் சொன்னார். பச்சைதான் மருந்து.

மற்ற ஊர்களில் பச்சைப் புள்ளி மாடுகள் கொஞ்சம் சீக்கிரமாகத் தீனி எடுத்தது போலத் தெரிகிறது என்றார். போலத் தெரிகிறது என்பதற்கு மேல் போக முடியாது, மாடுகள் போதாது, ஒரு லயமே கழிந்துவிட்டதே. இன்னொரு தடவை பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்றார். நான் சரி சார் என்றேன். போனை வைத்த பிறகு நெடு நேரம் ஃப்ரிட்ஜின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா இரண்டு வாரமும் பச்சையையே கொடுத்திருந்தால் அந்த மாடு பிழைத்திருக்குமா? தெரியாது. பக்கத்து வீட்டு மாடு பச்சையால்தான் எழுந்ததா? அதுவும் தெரியாது. ஆனால் இந்தத் தெரியாதை யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பச்சை மருந்து என்ற சொல் ஒன்று போதும், மீதியை அவர்களே கூட்டிக்கொள்வார்கள். தன் மாட்டு வாயிலிருந்து மருந்தை எடுத்துப் பக்கத்து மாட்டுக்குக் கொடுத்தாள், அது பிழைத்தது, இது செத்தது.

அடுத்த வாரமே அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். உறை பிரித்தது எப்படியோ சேட்டன் வாய் வழியாக லயத்துக்குப் போயிருந்தது. நல்ல வேளை, எது மருந்து என்று நான் அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பிரிச்சுட்டாகளாமே. எது டாக்டரம்மா மருந்து?"

நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

"சிவப்புங்க அக்கா. பச்சை வெறும் தவிடு."

அவர் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "அப்படியா? நான் மாத்திக் குடுத்துக் கொன்னுட்டேனோன்னு இம்புட்டு நாளும் தூக்கமில்ல டாக்டரம்மா. பக்கத்து வீட்டு மாடு கத்துற சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்குவேன்." எனக்கு உடம்பே லேசானது. டாக்டராக வந்து நான் செய்த ஒரே உருப்படியான வைத்தியம் இதுதான் என்றுகூடத் தோன்றியது.

அந்த நினைப்பு சாயா ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாய் இடம் மாறுவது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப மொத வாரம் பூராவும் எம் மாட்டுக்குத் தவிட்டத்தான் குடுத்தேனா?"

"எனக்கு அப்ப தெரியாதுங்க அக்கா."

"மருந்து அவ வீட்டுல இருந்துருக்கு. மொத வாரமே குடுத்துருந்தா பொழச்சிருக்கும். கட்டி அப்பத்தான ஏழெட்டு இருந்துச்சு." அவர் எழுந்து நின்றார். "புள்ளி வச்சது நீங்க. குலுக்கிக் குடுத்தது நீங்க. ஒண்ணுவிட்டு ஒரு நாளு வந்து காச்சல் பாத்தது நீங்க. தவிட்டத் தின்னுட்டுக் கெடந்தத நின்னு எழுதிக்கிட்டு இருந்தீகளே தாயி. உங்க கையப் பிடிச்சு நான் கண்ணுல ஒத்துனேனே."

நான் அக்கா, அக்கா என்றேன். அதற்கு மேல் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று, அதைத்தான் சொல்லக் கூடாது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். சேட்டன் உள்ளே எட்டிப் பார்த்து, "எந்தா மேடம், அவர் பிணங்கிப் போகுந்நது?" என்று அக்காவின் கோபத்துக்குக் காரணம் கேட்டார். ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மழைக்கு முன்னால் தடுப்பூசி வந்தது. போன வருடம் காலம் கடந்து வந்தது, இந்த வருடம் நேரத்துக்கு வந்துவிட்டது. மற்ற லயங்களையெல்லாம் முடித்துக்கொண்டு ஒரு காலையில் அங்கே ஏறினோம். வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தேன். மாடுகளைக் கட்டி நிறுத்தியிருப்பார்கள் என்று நம்பிச் சேட்டன் முதல் குப்பியைக் கலக்கிவிட்டார். கலக்கினால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டியதுதான்.

கொட்டகைகள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே மாடுகள் இருக்கிற சத்தம் கேட்டது. போன வருடம் நோய் வராமல் தப்பிய கிடேரிகள், அதற்குப் பிறகு பிறந்த கன்றுகள் என்று இந்த மழைக்குப் பயப்பட வேண்டிய உருப்படிகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. சேட்டன் ஒவ்வொரு வீடாய்ப் போய்க் கூப்பிட்டார். பெண்கள் வாசலில் நின்று மரியாதையாகவே பதில் சொன்னார்கள். வேண்டாம், எங்களுக்கு வேண்டாம், போன வருடம் தின்ற தவிடு போதும், நாங்கள் வேப்பிலை கட்டிக்கொள்கிறோம். அக்கா கடைசி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார், வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சாமான்களைக் கட்டி வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, எம் மேல இருக்கற கோவத்துக்கு இந்தக் கன்னுகள விட்டுராதீங்க. இது எல்லா மாட்டுக்கும் ஒரே ஊசிதானுங்க. சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா தொறப்பாங்க."

"நான் போன வருசம் சொல்லித்தான் அம்புட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டாக" என்றார் அவர். "இனி ஒருத்தருக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அவருக்குக் கேட்கிற தூரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். அவள் கொட்டகைக்குள் பிழைத்த மாடும், அது புதிதாய்ப் போட்ட கிடேரிக் கன்றும். உண்மையைச் சொன்னால் கதவுகள் எல்லாம் திறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் முதல் வாரம் இருந்தது மருந்துதான், நான் உங்களை ஏமாற்றவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து, போடிக்குக் கீழே அந்தக் கொட்டகையில், மாடில்லாமல் தனியாக, சாகிற வரைக்கும் அவர் எதை நினைத்துக்கொண்டிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மழை வரதுக்குள்ள நீங்க கீழ எறங்கணும், சும்மா நிக்காதீக" என்றார்.

கலக்கிய குப்பியைச் சேட்டன் ரோட்டோரத்துக் குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளினார். ஜீப் திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து அந்தக் கன்று கத்தியது. நான் சேட்டனிடம் ஹாரனை அடித்துக்கொண்டே போகச் சொன்னேன்.